அம்மாள் வரவில்லை, கொசு கடித்தது

எனக்குப் பதினொரு வயதில் அம்மாள் வருத்தம், அந்த அம்மை நோய், வந்தது என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். வரவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிற ஊர் இல்லை அது. என்னைவிட இளையதுகள்கூட, "உங்கடை வாசல் படலையிலை வேப்பிலை கட்டிக் கிடந்ததை நாங்கள் கண்டனாங்களல்லோ" என்று என்னிடமே சாட்சி சொல்ல வருவார்கள். வேப்பிலை கட்டிக் கிடந்தது உண்மை. அம்மாள் வந்தது பொய். என்னைக் கடித்தது கொசு. என் வயதுக்காரிகள் யாராவது இன்னும் மிச்சமிருந்தால், குறுக்கே பேசாமல் இந்த ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். இன்னொரு முறை சொல்ல எனக்கு மூச்சு இருக்குமோ தெரியாது.

கொசு என்றதும் நுளம்பை நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் நுளம்பு வேறு, கொசு வேறு. நுளம்பு காதுக்குள் பாடி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும். கொசுவிடம் அந்த மரியாதை கிடையாது. கடுகில் பாதி இருக்காது. கையில் இருப்பது தெரியாது. தெரியும்போது கடித்து முடித்திருக்கும். ஆழமில்லாத பரவைக்கடல் ஓரத்தில், முழங்கால் தண்ணீர் வற்றி வற்றிப் பின்வாங்கும்போது மிஞ்சுகிற சேற்றில் அது பெருகும். பங்குனி பிறந்து, வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக் காற்று இன்னும் எழும்பாமல், மரத்தில் ஓர் இலை ஆடாமல் கிடக்கிற அந்த ஒன்றரை மாதம்தான் அதன் இராச்சியம். பொழுது சாயத் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை அந்தக் கரையில் மாடுகூட நிற்காது.

அப்படிப்பட்ட இடத்தில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களுக்கு விளையாட வேறு இடம் தரவில்லை, அதுதான் வேலை.

பிள்ளையார் கோயில் வீதி நல்ல மணல். கிளித்தட்டு விளையாட அதைவிட இடம் வேண்டாம். ஆனால் அது பொடியன்களுக்கு. முந்திய வருடம்வரை நாங்களும் ஒரு மூலையில் விளையாடினோம். ஒரு நாள் பெரியப்பா அந்த வழியால் வந்து நின்று, "பெட்டையள் வீதியிலை துள்ளித் திரியிறதோ?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. பெரியப்பா என் அப்பாவின் தமையன், கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியகாரர். அப்பா மலாயாவில் உத்தியோகம் பார்த்தபடியால் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா சொல்தான் சட்டம்.

பக்கத்து வளவில் மச்சாள் இருந்தாள். மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது கூட. எதற்கும் அழாதவள். அவள்தான் தரவையைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்றால், அது ஊருக்கும் பரவைக்கடலுக்கும் நடுவே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிக் கிடந்த புல்வெளி. ஆனால் பங்குனியில் அங்கே ஒருவரும் போகமாட்டார்கள்.

"ஒருத்தருக்கும் வேண்டாத இடம்," என்றாள் மச்சாள். "அதை எங்களிட்டையிருந்து ஆர் பறிக்கப் போறான்?"

கிளித்தட்டு தெரியாதவர்கள் இருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமாக ஒரு தட்டுக் கீறி, அதற்குக் குறுக்கே கோடுகள் போடுவோம். ஒவ்வொரு கோட்டிலும் ஒருத்தி நின்று மறிப்பாள். மற்றப் பக்கத்தார் அவள் கை படாமல் ஓடிக் கடக்கவேண்டும். மறிக்கிறவள் எது வந்தாலும் தன் கோட்டை விட்டுக் கால் எடுக்கக்கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

முதல் நாள் கொசு எங்களைக் கலைத்தது. இரண்டாம் நாளும் கலைத்தது. தலையில் பாவாடையைப் போட்டுக்கொண்டு வீடுவரை ஓடினோம். மூன்றாம் நாள் மச்சாள் விளையாட வரவில்லை. கரையில் நின்று பார்க்க வந்தாள். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நடந்து நடந்து பார்த்தாள். கண்டல் மரப் பற்றைக்குக் கிட்டப் போகப் போகக் கூடியது. மேட்டுப் பக்கம், காய்ந்து வெடித்த தரையில் குறைந்தது. கொஞ்சமாவது காற்று அசைந்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே தட்டை மேட்டுக்கு மாற்றிக் கீறினோம். ஓட்டை மண்முட்டி ஒன்றில் தேங்காய் நார்ப் பொச்சைக் கொளுத்தி, அதன்மேல் பாதி காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் காற்று வருகிற பக்கத்தில் வைத்தோம். புகை கண்ணைக் கரித்தது. பரவாயில்லை, கொசுவுக்கும் கரித்தது. பிறகு வேப்பெண்ணெய். தேங்காய் எண்ணெயில் அதைக் கலந்து கையிலும் காலிலும் கழுத்திலும் தடிப்பாகப் பூசினோம். அந்த நாற்றத்தோடு வீட்டுக்குள் போக முடியாது. கிணற்றடியில் சீயக்காய் போட்டுத் தேய்த்த பிறகுதான் உள்ளே போகலாம். ஆனால் எண்ணெயில் இருந்த கொசு எழும்பிப் போனதில்லை. விளையாடி முடியும்போது கால் முழுக்க எள்ளுத் தூவினதுபோல் ஒட்டிக் கிடக்கும். அதைப் பார்க்க எங்களுக்கு எவ்வளவு சந்தோசம்!

என் காலுக்கு எண்ணெய் போதாது. எனக்கு இனிப்பான இரத்தம் என்று மச்சாள் சொல்லுவாள். அதனால் நான் பெட்டகத்தைத் திறந்து அண்ணையின் நீளக் காற்சட்டையை, எங்கள் பேச்சில் களிசானை, எடுத்தேன். அண்ணை பட்டணத்தில் தங்கி இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தார். அந்தக் களிசான் அவருக்குக் கட்டையாகிப் போய்க் கிடந்தது. இடுப்பில் கயிறு கட்டி, மேலே பாவாடையை விட்டேன். அதோடு கிடந்த பழைய கால்மேசு இரண்டையும் மச்சாளிடம் கொடுத்தேன். அவள் காலில் போடவில்லை. நுனியை வெட்டி, முழங்கைவரை கைக்கு மாட்டிக்கொண்டாள். அந்தக் கோலத்தில் எங்கள் ஐந்து பேரையும் யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். ஒருவரும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இவ்வளவு பேச எனக்குத் தேவையும் இல்லை.

பங்குனி முழுக்க அந்தத் தரவை எங்களுடையதாக இருந்தது. சித்திரையில் பிள்ளையாருக்குக் கொடியேறியது. வீதி முழுக்கப் பந்தல் போட்டார்கள். பொடியன்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு அண்ணையும் வந்துவிட்டார். ஒரு பின்னேரம் நாங்கள் புகை மூட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணை முன்னுக்கும் மற்றவர்கள் பின்னுக்குமாகத் தரவைக்குள் இறங்கி வந்தார்கள்.

"போங்கோ வீட்டை. இனி இஞ்சை நாங்கள் விளையாடப் போறம்," என்றார் அண்ணை. பிறகுதான் என் காலைப் பார்த்தார். "உது என்ரை களிசானல்லோ!"

"ஓம். உங்களுக்குத்தான் கட்டையாப் போச்சே."

பொடியன்கள் சிரித்தார்கள். அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "கழட்டடி. எண்ணெயும் பூசி, புகையும் போட்டு, ஆம்பிளையளின்ரை உடுப்பும் போட்டால் ஆர்தான் நிக்கமாட்டினம்? உதொண்டும் இல்லாமல் நில்லுங்கோ பாப்பம்."

மச்சாள் தன் கையிலிருந்த மேசுகளை உரிந்து அவர் காலடியில் போட்டாள். "நிண்டால்?"

"கோயில் மணி அடிக்குமட்டும் நிண்டால் தரவை உங்களுக்கு."

"நீங்களும் நிக்கவேணும். ஆர் முதல் ஓடினாலும் அவைக்கு இனித் தரவை இல்லை."

புகைச்சட்டியைத் தண்ணீரில் கவிழ்த்தோம். களிசானைக் கழற்றி அண்ணையின் முகத்தில் எறிந்தேன். அதோடு விட்டிருக்கலாம். மற்ற நான்கு பேரும் பூசின எண்ணெயைப் பூசினபடி விட்டார்கள். அதைக் கழற்ற முடியாதுதானே. எனக்கு வீம்பு. பிறகு ஒருவன் எண்ணெயால் வென்றாள் என்று சொல்லக்கூடாது. பரவைக்கடலுக்குள் இறங்கி, மணலால் கையையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து என் கோட்டில் நின்றேன்.

அன்று காற்று துளியும் இல்லை. கொஞ்ச நேரம் விளையாட்டு நடந்தது. பிறகு பொடியன்கள் ஓடவேயில்லை. தங்கள் கன்னத்திலும் காதிலும் அறைந்துகொண்டு நின்றார்கள். ஒருவன் மாடு கட்டவேண்டும் என்று போனான். இன்னொருவனுக்குத் தாய் தேடுவாளாம். எனக்குக் காலில் முதலில் எரிந்தது, பிறகு நெருப்புத் தண்ணீர் ஊற்றினதுபோல் இருந்தது, பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. மச்சாள் அடுத்த கோட்டிலிருந்து, "என்னைப் பார், காலைப் பாராதை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியாக அண்ணை களிசானால் தலையை மூடிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். அப்படியே மேட்டில் ஏறி ஓடினார். அவர் ஓடி மறைந்து, நான் மூக்கைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. நான் கோட்டில்தான் நின்றேன்.

தரவையை வென்ற கதை இது. இழந்த கதை அடுத்த நாள் காலமை தொடங்கியது.

விடிய எனக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் சிவந்து, தடித்து, சொறிந்த இடங்களில் நீர் கட்டியிருந்தது. அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். ஓர் அடி பின்னால் போய், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "அம்மாளாச்சி" என்றார்.

"கொசு கடிச்சது அம்மா."

என் வாயைப் பொத்தினார். "அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. அம்மாள் கோவிப்பா."

அதற்குப் பிறகு எல்லாம் தன்பாட்டில் நடந்தது. படலையில் வேப்பிலை. அடுப்பில் தாளிதம் இல்லை. வெள்ளைச் சீலையில் வேப்பிலை பரப்பி அதில் என்னைக் கிடத்தினார்கள். அம்மாள் வந்த வீட்டுக்கு ஆட்கள் வரக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது. வைத்தியம் பார்க்கிற பரியாரியார் படலைக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால், ஒவ்வொரு தடிப்பின் நடுவிலும் ஊசிக் குத்துப்போல் ஒரு புள்ளி தெரிந்திருக்கும். அம்மாளைக் கிட்டப் போய்ப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எந்த வேப்பிலையைப் புகைத்துக் கொசுவைக் கலைத்தேனோ, அதன் மேலேயே என்னைக் கிடத்தி, கொசுக்கடியைக் கும்பிட்டார்கள்.

அண்ணைக்கு உண்மை தெரியும். அந்தச் சித்திரை வெயிலில், வீட்டுக்குள், அவர் நீளக் கைச் சட்டையும் நீளக் களிசானும் போட்டுக்கொண்டு திரிந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை; இங்கிலீசு படிக்கிற பிள்ளை அல்லவா. ஒரு முறை கதவடியில் வந்து நின்று, களிசானுக்கு மேலால் காலைச் சொறிந்துகொண்டு, "சொல்லிப்போடாதை" என்று மட்டும் சொன்னார். பிற்காலத்தில் அவரும் மலாயாவுக்குப் போய், பென்சனோடு திரும்பி வந்தார். தன் பெண்சாதிக்கு என்னை அறிமுகம் செய்யும்போது, "இவவுக்குத்தான் சின்னனிலை அம்மாள் வந்தது" என்று சொன்னாரே, அந்த வாய்க்கு என்ன செய்யலாம்?

மூன்றாம் நாள் வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் மச்சாளின் குரல் கேட்டது.

"எடியே, பொடியள் தரவைப் பக்கம் வரேல்லை. இடம் எங்கடைதான். ஆனால் நாலு பேரோடை தட்டு மறிக்கேலாது. எப்ப வருவாய்?"

"வருவன். கடி காயட்டும்."

"கெதியா வா. எனக்கு நாள் இல்லை."

அவள் சொன்னது எனக்கு அப்போதே விளங்கியது. பெரிய பிள்ளையாகிவிட்டால் அவளை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். அடுத்த பங்குனியில் அவள் தரவையில் நிற்கமாட்டாள். எங்கள் இருவருக்கும் மிஞ்சியிருந்தது சோளகம் எழும்பிக் கொசு ஒழிந்து ஊரார் தரவைக்கு வரும்வரைக்குமான அந்தச் சில கிழமைகள்தான்.

அன்றே அம்மா நேர்த்திக்கடன் வைத்தார். நான் படுத்திருந்த இடத்திலிருந்து கேட்டேன். பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளித் தண்டையை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். "இதையும் உனக்குத் தாறன் தாயே. பிள்ளையை இனித் தரவைப் பக்கம் விடமாட்டன். பொழுதுபட்ட நேரம் வெட்டைவெளியிலை விடமாட்டன். இவளை எனக்கு விட்டிடு." அந்தத் தண்டை யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. என் தரவையைக் கொடுத்துவிட்டார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பொடியன்களிடம் வென்றதை அம்மா அம்மாளிடம் தோற்றுவிட்டார். எனக்கு அம்மாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

தண்ணீர் வார்த்து, அம்மன் கோயிலில் பொங்கல். ஊரில் பாதி அங்கே நின்றது. அம்மா மஞ்சள் முடிச்சை ஐயரின் தட்டில் வைக்கப் போகும்போது நான் உரத்துச் சொன்னேன்.

"எனக்கு அம்மாள் வரேல்லை. கொசு கடிச்சது. அண்ணைக்கும் கடிச்சது. வேணுமெண்டால் அவரின்ரை களிசானைத் தூக்கிப் பாருங்கோ."

அண்ணை தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா கண்ணை மூடி, திறந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "அம்மாள்தான் பிள்ளையின்ரை வாயிலை நிண்டு எங்களைச் சோதிக்கிறா. நேர்த்தியைக் குறைக்காதையுங்கோ எண்டு சொல்லுறா." கூட்டம் முழுக்கக் கை கூப்பியது. இல்லை என்று நான் கத்தியதையே ஆம் என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டார். இன்றுவரை அவருடைய அந்தக் கெட்டித்தனத்தை நான் மன்னிக்கவில்லை.

தண்டை தட்டில் விழுந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. வழியெல்லாம் ஏதோ யோசித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் நான் சாப்பிட மறுத்தேன். காலமையும் இல்லை, மத்தியானமும் இல்லை. "என்னோடை ஒருக்காத் தரவைக்கு வாங்கோ. சும்மா நில்லுங்கோ. பிறகு சாப்பிடுறன்." கெஞ்சி, வெருட்டிப் பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது அம்மா எழுந்தார். கன்றுக்குட்டியைத் தேடப் போவதாகப் பக்கத்து வளவு மாமிக்குக் குரல் கொடுத்தார். கன்றுக்குட்டி கொட்டிலில் நின்றது.

கண்டல் பற்றைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன். "கையை வீசாதையுங்கோ. மூடாதையுங்கோ." அம்மா நின்றார். மேலெல்லாம் ஊர்கிறது என்றார். பொறுங்கோ என்றேன். நான் சொன்னதற்கும் மேலாக நின்றார். பிறகு மேட்டுக்கு வந்து, மங்கின வெளிச்சத்தில் தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். என் கையில் காய்ந்துகொண்டிருந்ததும் அவர் கையில் எழும்பிக்கொண்டிருந்ததும் ஒன்றே. நடுவில் அதே ஊசிப் புள்ளி.

அம்மா அந்த வெடித்த தரையில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். "இது அதில்லை. இது அதில்லை," என்று அதையே சொன்னார். நான் வென்ற பெருமையில் நின்றேன். தன் பிழை பிடிபட்டதால் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அண்ணைக்கும் முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்து, நடக்கப் பழகிய காலத்தில் அம்மாள் வந்து செத்துப்போனது எனக்குத் தெரியாது. அந்தத் தண்டை அவளுடையது. மாமி சாகக் கிடந்தபோதுதான் எனக்குச் சொன்னார். அம்மா அன்று பிழைக்காக அழவில்லை. நான் சாகப் போகவில்லை என்று அழுதார். அதைத் தெரிந்துகொள்ளாமல், "நான் சொன்னனான்தானே, நான் சொன்னனான்தானே" என்று அவருக்கு முன்னால் குதித்தேன். அந்த ஒரு விசயத்துக்கு மட்டும் எனக்கு வெட்கம்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா வேப்பெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, தானே என் காலில் பூசினார். விரல் இடுக்கெல்லாம் பூசினார்.

"நேர்த்தி?" என்று கேட்டேன்.

"அம்மாளோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ போ."

"அப்ப ஊருக்கும் சொல்லுங்கோவன், அது கொசு எண்டு."

"பொங்கிப் படைச்சாச்சு. பெரியப்பா ஆக்களுக்கு முன்னாலை கதைச்சும்போட்டார். உனக்கு என்ன வேணும், ஊரோ தரவையோ?"

தரவை என்றேன். இந்த வயதில் எனக்கு இரண்டும் வேண்டும், அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

போனேன். அண்ணையின் களிசான் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன். மச்சாள் என் கோட்டைக் காலால் அழுத்திக் கீறித் தந்தாள். அந்த ஆவணியில் அவளை வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். நான் சொல்கிற இந்தப் பின்னேரத்தில் அவள் என் பக்கத்துக் கோட்டில் நின்றாள்.

பாதி விளையாட்டில் மேட்டுப் பக்கம் பெரியப்பாவின் குரல் கேட்டது. "ஆரது அங்கை? பிள்ளையைத் தரவையிலை விடமாட்டம் எண்டு நேர்த்தி வைச்சதல்லோ!" எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டோம். என் கால் கோட்டிலிருந்து எழும்பப் பார்த்தது.

அப்போதுதான் கண்டேன். புகைச்சட்டிக்குப் பக்கத்தில், சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முகமெல்லாம் சாம்பலாக அம்மா குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. எழும்பாமல், பெரியப்பாவின் பக்கம் திரும்பாமல், "கண்டுக்குட்டி தேட வந்தனாங்கள்" என்று ஒரு குரல் கொடுத்தார். பிறகு இன்னொரு பிடி வேப்பிலையைச் சட்டியில் போட்டார். புகை எழுந்து மேட்டுப் பக்கம் போயிற்று. பெரியப்பா இருமுகிற சத்தம் கேட்டது.

அம்மா என்னைப் பார்த்தார்.

"என்னடி பாக்கிறாய்? கோட்டை விடாதை!"